மூணு நூல் தப்பிய பந்தும் அப்பாவின் சூளைக் கணக்கும்!

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வரும்போது ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பையில என்னம்மா?"

"பந்து சார்."

பையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. "பந்தா? பூசணிக்கா மாதிரில்ல கனக்குது! திற."

ஜிப்பைத் திறந்தேன். ஊதா நிறத்தில் ஒன்று, வெளுத்துப்போன சிவப்பில் ஒன்று. இரண்டும் பளபளவென்று அவரைப் பார்த்தன.

"இதை வெச்சு என்ன பண்ணுவ?"

"உருட்டுவேன் சார். சென்னையில."

"அப்ப இங்க எதுக்குக் கொண்டாந்த?"

"ஓட்டை போட."

என்னையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தவர், "சரி போ" என்று அனுப்பிவிட்டார். நல்லூருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சென்னையில் இல்லாத டிரில்லிங் மெஷினா? இருக்கிறது. ஆனால், எனக்குத் தெரிந்த மெஷின் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில், பழைய போர்வை போர்த்தியபடி நாலு வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

பெருவிரலில் தொடங்கிய கதை

'பவுலிங்' என்றதும் பும்ராவை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது டென்பின் பவுலிங். மால்களில் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான மரத்தடம், அதன் கடைசியில் முக்கோணமாக நிற்கும் 10 கட்டைகள். கோட்டிலிருந்து முதல் கட்டைவரை 60 அடி. கிரிக்கெட் பிட்ச்சைவிட ஆறடி குறைவு, அவ்வளவுதான்.

ஆபீஸ் டீமோடு ஒருநாள் போனேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. நாள் முழுக்க கீபோர்டு, வீட்டுக்கு வந்தால் மொபைல். உடம்பில் விரல்களைத் தவிர வேறெதற்கும் வேலையே இல்லாத எனக்கு, அந்தக் கட்டைகள் சரிகிற சத்தம் பிடித்துப்போய்விட்டது. சம்பளம் வந்த வாரமெல்லாம் போக ஆரம்பித்தேன்.

மூன்றாவது மாதம் வலது பெருவிரல் வீங்கியது. மொபைலில் ஒரு வரி டைப் செய்யக்கூட வலித்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "கொஞ்ச நாள் விரலுக்கு ஓய்வு கொடுங்க" என்றார். விரலுக்கு ஓய்வு கொடுத்தால் என் வேலைக்கும் ஓய்வுதான்.

அங்கே தினமும் விளையாட வரும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். "இங்க இருக்கிற பந்து எல்லாருக்கும் பொது. குண்டு விரலும் நுழையணும்னு ஓட்டையைப் பெருசா போட்டிருப்பாங்க. உன் விரல் அதுல ஆடுது. விழுந்துடுமேன்னு பந்தை நெரிச்சுப் பிடிக்கிற. அதான் வீக்கம். உன் கைக்குன்னு ஒரு பந்து வேணும்."

செருப்புக்கு அளவு உண்டு, கண்ணாடிக்கு பவர் உண்டு. பந்துக்குமா?

ஆமாம். இந்த விளையாட்டைத் தீவிரமாக ஆடுபவர்கள், ஓட்டையே இல்லாத பந்தைத்தான் வாங்குவார்கள். பிறகு அவரவர் கையை அளந்து துளை போட்டுக்கொள்வார்கள். பலமுறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற ஷபீர் தன்கோட் நம் தமிழ்நாட்டுக்காரர்தான். அந்த உயரத்தில் ஆடுபவர்களுக்குப் பந்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கையில் தெரியும் என்றார் அந்த மூத்தவர்.

வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே கடைகள் இருக்கின்றன. இங்கே தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அவரே நண்பர்களுக்குப் போட்டுக் கொடுப்பவர்தான் என்றாலும், அப்போது அவருடைய மெஷின் ரிப்பேர். "நீயே கத்துக்கயேன். பொறுமை இருந்தா போதும்" என்றார். துளை போடாமல் அவர் வைத்திருந்த 13 பவுண்டு பந்தைத் தவணையில் எனக்குக் கொடுத்தார். பழகிப் பார்ப்பதற்கு, ஓரம் வெடித்த பழைய 10 பவுண்டு பந்து ஒன்றை இலவசமாகத் தந்தார்.

அந்த இரண்டும்தான் போலீஸ்காரர் பார்த்தவை.

அப்பாவும் ஃபியூஸ் கட்டையும்

விருத்தாசலம் என்றால் சிலருக்குப் பழமலைநாதர் கோயில், சிலருக்கு முந்திரி. எங்களுக்குப் பீங்கான். கொலுவில் வைக்கிற பொம்மையிலிருந்து கரன்ட் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர்வரை செய்கிற ஊர். பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு ஃபியூஸ் கட்டை இருக்குமே, பிடுங்கி, கம்பி சுற்றி, திரும்பச் செருகுவோமே... அது அப்பாவின் 31 வருஷம்.

அப்பா மண் பிசைந்தவர் இல்லை, அச்சு பார்த்தவர். ஃபியூஸ் கட்டையை அழுத்தி எடுக்கிற இரும்பு அச்சைத் தயார்செய்வது, தேய்ந்தால் சரிபண்ணுவது, திருகு ஓட்டைகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. நான் பிளஸ் டூ முடித்ததும், விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கிவந்து, பூர்த்தி செய்யச் சொல்லி மேஜையில் வைத்தார். நான் சென்னைக்குப் போய் ஜர்னலிசம் படிப்பதாகச் சொன்னேன். பேச்சு வளர்ந்தது. "மண்ணுல இனிமே ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா பதில் பேசவில்லை. விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வீடு எம்.சி.பி சுவிட்ச் வந்துவிட்டது. ஃபியூஸ் கட்டை கேட்பார் இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அப்பா வேலை பார்த்த யூனிட்டை மூடினார்கள். பாக்கிச் சம்பளத்தில் ஒரு பங்குக்கு ஈடாக அந்த டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டு வண்டியில் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினார். போர்வை போர்த்தினார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

நான் சொன்னது பலித்துவிட்டது. ஆனால், பலித்த நாளிலிருந்து அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகக் கிடந்தது. போனில் பேசுவோம். "சாப்டியா?", "சாப்ட்டேன்ப்பா", "அம்மாகிட்ட தர்றேன்." அதற்கு மேல் போகாது.

மிதக்குமா, மூழ்குமா?

வீட்டில் பந்துகளை எடுத்துத் திண்ணையில் வைத்ததும் அம்மா, "இதென்னடி அம்மிக்குழவிய உருட்டி வெச்ச மாதிரி?" என்றார். அப்பா தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு கிட்டே வந்து, ஊதாப் பந்தை விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அவர் தட்டுவது அப்படித்தான்.

"ரெண்டும் ஒரே அளவா இருக்கு. ஒண்ணு ஏன் கனக்குது?"

எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. விடுவேனா?

பந்தின் வெளி அளவு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், விட்டம் எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேலே. எடை மட்டும் மாறும். அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது 7.26 கிலோ. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மாம்பழத்துக்குள் கொட்டை மாதிரி பந்துக்குள் 'கோர்' என்று ஒரு பகுதி. அதன் வடிவமும் அடர்த்தியும்தான் பந்தின் எடையையும், அது தடத்தில் போகும் விதத்தையும் தீர்மானிக்கின்றன. கொட்டையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் காட்ட மேலே ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளித் துளை போடுகிறோம் என்பதைப் பொறுத்து, பந்து நேராகவும் போகும், கடைசியில் வளையவும் செய்யும்.

"அப்ப ஒண்ணு தண்ணியில மிதக்குமே?" என்றார் அப்பா.

நான் யோசித்தே பார்க்காத கேள்வி. இரண்டையும் மோட்டார் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். 10 பவுண்டு பந்து மிதந்தது. 13 பவுண்டு நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவுள்ள பந்து தண்ணீரின் எடைக்குச் சமமாவது ஏறக்குறைய 12 பவுண்டில். அதற்குக் குறைந்தால் மிதக்கும், கூடினால் மூழ்கும்.

அப்பா தொட்டிக்குள் கைவிட்டு ஊதாப் பந்தை எடுத்துத் துண்டால் துடைத்தார். "எங்க ஓட்டை போடணும்?" என்று கேட்டார்.

கையைக் கொடு

பவுலிங் பந்துக்கு மூன்று துளை. பெருவிரல், நடுவிரல், மோதிர விரல். பொதுப் பந்துகளில் இரண்டு விரல்களும் இரண்டாவது கணுவரை உள்ளே போகும். பழகியவர்கள் முதல் கணுவரை மட்டுமே விடுவார்கள். அந்தத் துளைகளுக்குள் ரப்பர் உறை ஒட்டுவார்கள். அதில் பந்தைச் சுழற்றிவிடுவது சுலபம்.

முக்கியமான அளவு, பெருவிரல் துளையின் விளிம்பிலிருந்து மற்ற விரல் துளைகளின் விளிம்புவரை உள்ள தூரம். 'ஸ்பேன்' என்பார்கள். நீளமாகிவிட்டால் கை இழுபட்டு, பெருவிரல் துளையில் மாட்டிக்கொள்ளும். குட்டையாகிவிட்டால் பந்தை நெரித்துப் பிடிக்க வேண்டிவரும். இது தவிர, துளை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு கணக்கு. 'பிட்ச்' என்று பெயர். விரல் எந்த அளவுக்கு மடங்குகிறதோ அதற்கேற்ப மாறும்.

"கையைக் கொடு" என்றார் அப்பா.

என் கையைத் திருப்பித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்கி, நீட்டிப் பார்த்தார். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் பிடித்த கை. அதற்குப் பிறகு எப்போது பிடித்தார் என்று எனக்கு நினைவில்லை. அவர் விரல்களும் எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டன. வலது சுட்டுவிரல் முழுசாக மடங்குவதில்லை. நகங்களில் வெடிப்பு.

"உனக்கு உங்க அப்பத்தா கை. விரல் நீளம், கணு தடிமன்" என்றார். பெட்டியிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து, எண்ணெய் போட்டு, என் விரல்களை அளந்தார். ஸ்பேன், உறையின் தடிமன் கழித்து 3 3/4 அங்குலம். அப்பா அதை அங்குலத்தில் எழுதவில்லை. '30 நூல்' என்று எழுதினார். பட்டறைக்காரர்களுக்கு எட்டு நூல் ஓர் அங்குலம்.

அடுத்த பிரச்னை, உருண்டையான பந்தை அசையாமல் எப்படிப் பிடிப்பது? இதற்கென்று வார்த்த பிடிப்பான்கள் வெளிநாட்டில் விற்கின்றன. விலையைப் பார்த்து மொபைலை மூடிவிட்டேன். அப்பா பழைய அன்னக்கூடை ஒன்றை எடுத்தார். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினார். பந்தின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவி, பாதிக்கும் குறைவாக அதில் அமுக்கினார். பொம்மைக்கு மோல்டு எடுக்கிற அதே முறை. இறுகியதும் பந்தை எடுத்தால், அதன் கீழ்ப்பகுதி அச்சு அசலாகப் பதிந்த இருக்கை தயார். மேலே ஒரு மர வளையம், இரண்டு நீளமான போல்ட். பந்து அசையவில்லை.

அம்மா கேட்டார், "என் கூடை?"

சுருங்காத பந்து

முதலில் பழைய சிவப்புப் பந்தில் பழகினேன். அலமாரிக் கதவுக்கு ஆட்டோ ஹிஞ்ச் மாட்ட ஆசாரிகள் குழி போடும் வட்ட பிட்தான். பெருவிரலுக்கு 22 மில்லிமீட்டர், உறை போடும் துளைகளுக்கு 25. வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்கிறது, நாற்றமும் தாங்காது. அப்பா பெல்ட்டைக் கழற்றி மாட்டி வேகத்தைக் குறைத்தார். "எறக்கு, தூக்கு. எறக்கு, தூக்கு. தூளு வெளிய வரட்டும். அவசரப்படாத." நாலாவது துளையில் என் கைக்குப் பதம் பிடிபட்டது.

மறுநாள் ஊதாப் பந்து. நான் டீ போட்டு வருவதற்குள் அப்பா பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பந்தைப் பூட்டினோம். நான் துளை போட்டேன். பெருவிரல், நடுவிரல், மோதிர விரல். சுத்தமான வேலை. கழற்றி எடுத்து விரலை விட்டேன்.

எட்டவில்லை.

கையை விரித்து இழுத்துப் பார்த்தேன். பெருவிரல் அடிவரை போனால் மற்ற இரண்டும் விளிம்பில் தொங்கின. அப்பா ஸ்கேலை வைத்தார். 33 நூல். மூன்று நூல் அதிகம்.

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு உடனே புரியவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார்.

"சுருக்கம் சேத்துட்டேன் பாப்பா."

பீங்கான் சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் வேகும்போது சுருங்கும். அவர் பார்த்த மண்ணில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. அதனால் 30 நூல் வேண்டுமென்றால் அச்சில் 33 நூல் வைக்க வேண்டும். 31 வருஷம் அப்படியே வைத்த கை, அவர் யோசிக்காமலே இங்கேயும் வைத்துவிட்டது. பந்து சூளைக்குப் போகாது என்பது கைக்குத் தெரியவில்லை.

என் மீதும் தப்பு இருந்தது. 'துளை போடும் முன்னாடி குறிச்ச இடத்துல கையை வெச்சுப் பாரு' என்று அந்த மூத்தவர் பத்துத் தடவை சொல்லியிருந்தார். நான் பார்க்கவில்லை.

அப்பா மெஷினை அணைத்தார். "எவ்வளவு காசு இது?" என்றார். பாதி விலையைச் சொன்னேன். அதற்கே தலையைக் குனிந்துகொண்டார். "என் புத்தி மண்ணாப் போச்சு. நீ அன்னிக்கே சொன்ன" என்றபடி போர்வையை எடுத்து மெஷின் மேல் போடப் போனார்.

அவருக்கும் அந்த வார்த்தை மறக்கவில்லை.

போர்வையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தைச் சொன்னேன். "அப்பா, இதை அடைச்சுட்டு மறுபடி போடலாம்."

"என்னது?"

"ரெசின் ஊத்தி ஓட்டையை அடைப்பாங்க. இறுகினதும் தேய்ச்சு சமமாக்கி, பக்கத்துலயே புதுசா துளை போடலாம். எல்லாரும் பண்றதுதான்."

அப்பா போர்வையை விட்டார். "சுட்ட மண்ணுல தப்புப் பண்ணா உடைச்சு குப்பையிலதான் போடணும். இதுல திரும்பப் போடலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "நல்ல சாமானா இருக்கே" என்றார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றேன். எட்டு வருஷம் கழித்து.

"சரி சரி. ரெசின் எங்க கிடைக்கும்?" என்று சட்டையைத் தேடினார்.

இரண்டாம் முறை

லீவை மூன்று நாள் நீட்டித்தேன். விருத்தாசலத்தில் ரெசினும் ஹார்டனரும் வாங்கினோம். பெருவிரல் துளையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் அடைத்தோம். இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள் தேய்த்துச் சமமாக்கி, நான் குறித்தேன். அப்பா சரிபார்த்தார். என் கையைப் பந்தின் மேல் வைத்துப் பார்த்தோம். அம்மாவும் வந்து பார்த்தார். 30 நூல்.

துளை போட்டதோடு வேலை முடியாது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதைச் சாய்வாகச் சீவ வேண்டும். எமரி பேப்பரைக் குச்சியில் சுற்றிப் பெருவிரல் துளையை உள்ளே தேய்த்துத் தேய்த்துப் பதம் பார்க்க வேண்டும். கொஞ்சம் தேய், விரலை விடு, திரும்பத் தேய். அதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியாக உறை ஒட்டினோம்.

பந்தின் மேல்பரப்புக்கும் வேலை உண்டு. பவுலிங் தடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து வழவழப்பாக இருந்தால் எண்ணெயில் வழுக்கிக்கொண்டே போகும். சொரசொரப்பாக இருந்தால் சீக்கிரம் பிடிப்புக் கிடைத்து வளையும். அதனால் 500, 1000, 2000, 4000 என்று நம்பர் போட்ட பேட்களால் தேய்த்து வேண்டிய பதத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்பாவுக்கு இது விளக்கமே தேவைப்படவில்லை. "மெருகு" என்றார் ஒரே சொல்லில்.

அன்று இரவு மொட்டை மாடியில் அவருக்கு இந்தப் பந்தின் கதையைச் சொன்னேன். ஒரு காலத்தில் 'லிக்னம் விட்டே' என்ற கெட்டி மரத்தில் கடைந்தார்கள். 1905-ல் ரப்பர் பந்து வந்தது. பிறகு பிளாஸ்டிக், 1980-களில் யூரித்தேன், 1990-களில் இப்போதைய ரெசின். 1973-ல் அமெரிக்காவில் டான் மெக்கூன் என்ற ஆட்டக்காரர், பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேல்தோலை மெத்தென்று ஆக்கி, அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிவிட்டார். பிடிப்பு அதிகமாகி, பந்து நன்றாக வளைந்திருக்கிறது. அதன் பிறகுதான் பந்து இவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் எடையைச் சமன்செய்ய நாலாவதாக ஒரு சும்மா துளையும் போடுவார்கள். 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பவுலிங் அமைப்பு அதையும் தடைசெய்துவிட்டது. இப்போது போடுகிற ஒவ்வொரு துளையிலும் விளையாடுபவரின் விரல் இருக்க வேண்டும்.

"அது சரிதானே. வேலை இல்லாத ஓட்டை எதுக்கு?" என்றார் அப்பா.

நீங்களும் முயல்வதாக இருந்தால்...

• முதல் துளையைப் புதுப் பந்தில் போடாதீர்கள். பழைய பந்து ஒன்றில் பழகுங்கள்.

• கையால் பிடித்துக்கொண்டு துளை போடவே கூடாது. பந்து திரும்பினால் மணிக்கட்டு போய்விடும். இறுக்கமான பிடிப்பு அவசியம். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம்.

• குறித்த பிறகு கையை வைத்துப் பாருங்கள். பிறகு இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• துளையைச் சின்னதாகவே ஆரம்பியுங்கள். பெரிதாக்குவது சுலபம். சின்னதாக்க ரெசின்தான் வழி.

• விரல் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. ஏசி குளிரில் சுருங்கும், விளையாட விளையாட வீங்கும். அதனால் பெருவிரல் துளையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, உள்ளே டேப் ஒட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மறுபடியும் சென்னை

முதல் ஆட்டத்தில் பந்து என் கையிலிருந்து போனதே தெரியவில்லை. பெருவிரல் தானாக வழுக்கி வெளியே வந்தது. 105-ஐத் தாண்டாத என் ஸ்கோர் அன்றைக்கு 138. உலகம் திரும்பிப் பார்க்கிற எண் இல்லை, முழு ஸ்கோர் 300. ஆனால், மறுநாள் காலையில் விரல் வலிக்கவில்லை. ஆபீஸில் ஒரு முழுக் கட்டுரையை வழக்கம்போல டைப் செய்தேன்.

வீடியோ காலில் காட்டினேன். அப்பா ஸ்கோரைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். கேமராவுக்கு முன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். "சிவப்பு இல்ல. சரியா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார்.

இப்போது எங்கள் போன் பேச்சு கொஞ்சம் நீளமாகிவிட்டது. "டேப் எத்தனை ஒட்டுற?", "ஓரத்துல இன்னும் கொஞ்சம் சீவலாமா?" என்று கேட்கிறார். போர்வை அம்மாவின் துவைத்த துணி மூட்டைக்குப் போய்விட்டது. மெஷினுக்கு அப்பா புது பெல்ட் வாங்கியிருக்கிறார். ஊரில் இரண்டு பேருக்குக் கதவுக் கொண்டி மாட்டத் துளை போட்டுக் கொடுத்தாராம்.

போன வாரம் என்னோடு விளையாடும் ஆபீஸ் தோழி, தனக்கும் ஒரு பந்து வேண்டும் என்றாள். அப்பாவிடம் கேட்டேன். "அவ கை அளவை வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமாப்பா?"

"அளவெல்லாம் வேணாம். கையை இங்க வரச் சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். போலீஸ்காரருக்கு இந்தத் தடவை பதில் தயாராக இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு புது அன்னக்கூடையும் வாங்கியாகிவிட்டது.